ஆடி மாதத்தில் குடிபோனோம்

சாமி,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய். சிரித்துக்கொள். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. இருபத்தாறு வருஷம் கோழிப்பண்ணையில் கிடந்தவன் கை வேறு எப்படி எழுதும்? கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்பதில்லை. 'கு' கீழே இறங்கிப் போகிறது, 'கி' மேலே ஏறிக்கொள்கிறது. 'ண' எழுதும்போது எத்தனை சுழி போட்டேன் என்பது மறந்து ஒன்று கூடுதலாகப் போட்டுவிடுகிறேன். எங்காவது தடுக்கினால் வாய்விட்டுப் படி, காதுக்குப் புரிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகிறது. நடுவில் விரல் வலித்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன். எனக்கு அவசரம் இல்லை. உனக்கும் இருக்க வேண்டாம்.

இதை எழுதுவது உன் அப்பன்தான். யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. ஒன்றரை வருஷமாக உனக்குத் தெரியாமல் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அதனால் அவளும் சொல்லவில்லை. திடீரென்று ஒரு நாள் கடிதம் போட்டு உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. முதல் கடிதத்தில் நல்ல சேதி எழுத வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். ஆனால் முதல் கடிதமே உன் பேச்சை மறுத்து எழுதுகிற கடிதமாகப் போய்விட்டது. போகட்டும். மறுப்பதையும் எழுத்தில் மறுக்க முடிகிறதே, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனி மாதக் கடைசியில் நீ போனில் பேசினாய். நாங்கள் இருக்கிற லைன் வீட்டை இடிக்கப் போகிறார்கள், எங்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை, அதனால் அம்மா பெங்களூருக்கு உன்னிடம் வரட்டும், மருமகளுக்குப் பிரசவ நேரம், அம்மா இருந்தால் ஒத்தாசை என்றாய். நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் மூன்று பேருக்கு மேல் குடியிருக்கக் கூடாது, தண்ணீர் பற்றாது என்கிறார், அதனால் நான் மட்டும் கொஞ்ச நாளைக்கு ஆத்தூர் பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்றாய். சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அதைக் கேட்டதும் நான் "சரி சாமி" என்று சொல்லிவிட்டேன். போனில் நான் எப்போதும் அப்படித்தான். நீ கேட்டால் என் வாயில் 'சரி' தவிர வேறு வராது. அந்தச் 'சரி'யை இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் முதியோர் இல்லத்துக்குப் போகமாட்டேன். உன் அம்மாவும் நானும் இரண்டு ஊரில் இருக்கமாட்டோம். இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருஷம் தை மாதம் லைன் வீட்டு ஓனர் எட்டுக் குடித்தனத்தையும் கூப்பிட்டு, இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறேன், ஒன்றரை வருஷம் தவணை தருகிறேன், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்தான், தவணை கொடுத்தாரே. அன்றைக்கே நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருத்தெருவாகப் போர்டு தொங்குகிறது. எது வீடு வாடகைக்கு என்கிற போர்டு, எது நாய் ஜாக்கிரதை என்கிற போர்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய் நாய் துரத்தி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். அதற்கு அப்புறம்தான் லைன் வீட்டுக்கு எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சாயங்கால வகுப்பில் சேரப் போனேன்.

தையல் வேலை செய்கிற பூங்கொடி என்கிற அம்மா சொல்லிக்கொடுக்கிறார். பி.ஏ. படித்தவர், சம்பளம் கிடையாது. நாங்கள் பன்னிரண்டு பேர், அதில் ஆம்பளை நான் ஒருவன்தான். முதல் நாள் போய் உட்கார்ந்ததும் பின்பெஞ்சில் இருந்து ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க மாமா, இந்த வயசுல கலெக்டரு வேலைக்குப் போறீங்களா?"

"இல்லீங்கம்மா, ஊடு தேடப் போறேன்" என்றேன். கொல்லென்று சிரித்தார்கள்.

முதல் வாரம் அ, ஆ, இ, ஈ. அப்புறம் உ, ஊ. 'ஊ' வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எனக்கு வேண்டிய எழுத்தே இதுதான். ஊடு! இனி 'ஊ' என்று ஆரம்பிக்கிற போர்டாகப் பார்த்து நுழைந்தால் போதும், மீதி எழுத்தெல்லாம் அப்புறம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அயோத்தியாப்பட்டணம் முழுக்கச் சுற்றினேன். எத்தனையோ போர்டு, ஒன்றிலும் முதல் எழுத்து 'ஊ' இல்லை. ஊரில் ஒரு வீடுகூடக் காலி இல்லை போலிருக்கிறது என்று மனம் சோர்ந்துபோன நேரத்தில், ஆத்தூர் ரோட்டில் பெரிதாக ஒரு போர்டு. முதல் எழுத்து 'ஊ'. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நேரே உள்ளே போனேன். ஒரு பெண் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன ரூமுங்கம்மா?" என்றேன்.

"என்ன ரூமுங்க?"

"வாடகைக்குன்னு போர்டு போட்டிருக்கீங்களே."

அவள் வெளியே வந்து போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயா, இது ஊறுகாய் கம்பெனிங்க."

வெட்கப்பட்டு நிற்காமல், "அப்ப பூண்டு ஊறுகா கால் கிலோ குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு சாயங்காலம் டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். ஊடு என்று ஒரு போர்டிலும் எழுதியிருக்கவில்லையே என்றேன். அவர் கரும்பலகையில் 'வீடு' என்று எழுதி, "பேசறது ஊடுங்க ஐயா, எழுதறது வீடு" என்றார். "நான் பொறந்ததுலருந்து ஊட்டுலதானுங்க குடியிருக்கறேன், ஒரு நாளும் வீட்டுல இருந்ததில்லையே" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் 'வ' வரைக்கும் வர எனக்கு இன்னும் மூன்று மாதம் ஆனது, சாமி. அதற்குள் எத்தனை 'வீ' போர்டு என் கண் முன்னால் வந்து போயிற்றோ.

'வ' வந்த பிறகு ஒன்று விடாமல் படித்தேன். படிக்கிற சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? பஸ்ஸின் நெற்றியைப் படித்தேன். தீப்பெட்டியைப் படித்தேன். உன் அம்மா உளுந்து கட்டி வந்த காகிதத்தைப் பிரித்துப் படித்து, உளுந்து பாத்திரத்துக்கு வருவதற்குள் அவளிடம் திட்டு வாங்கினேன். போர்டுகளும் என்னோடு பேச ஆரம்பித்தன. ஆனால் அவை பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. டவுனுக்குள் ஃபேர்லேண்ட்ஸில் உன் அம்மா சமையல் வேலை செய்கிற தெருவில் ஒரு பெரிய வீட்டுக்குப் பின்னால் சின்ன வீடு ஒன்று காலி. 'வீடு வாடகைக்கு' என்று படித்துத் துள்ளினேன். கீழே இன்னொரு வரி இருந்தது: 'சைவம் மட்டும்.' வாழ்நாள் முழுக்க முட்டையோடு வாழ்ந்தவனைப் பார்த்து அந்தப் போர்டு கேட்டை மூடிக்கொண்டது. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் உள்ளே போய் இரண்டு வார்த்தை பேசியாவது பார்த்திருப்பேன்.

உள்ளே போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி. எத்தனை பேர்? இரண்டு பேர். பிள்ளைகள்? ஒரே பையன், பெங்களூரில் வண்டி சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறான். அவ்வளவுதான், முகம் மாறிவிடும். ஒருத்தர் வெளிப்படையாகவே சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க பெரியவரே. வயசானவங்களுக்குக் குடுக்கறதில்லைங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதான பாக்கணும்?"

ஒண்ணு கெடக்க ஒண்ணு. பதினேழு வீட்டில் இதே வார்த்தை. சாவு என்று ஒருவர்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அப்புறம் யாரும் குடிவரமாட்டார்கள் என்கிற பயம். முதல் பத்து வீடு வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். பதினொன்றாவது வீட்டில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த 'ஒண்ணு' நாந்தானுங்க. சும்மா பேரச் சொல்லியே கூப்புடுங்க" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உன் அம்மா வழியெல்லாம் திட்டினாள். "வாய வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்தா நாலு ஊடு கெடைக்கும்." நான் சொன்னேன், "வாய மூடிக்கிட்டு நான் இழந்தது போதும் புள்ள." அப்போது அவளுக்கு அது புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரிந்திருக்கவில்லை.

உன்னிடம் 'சரி' சொன்ன மறுநாள் உன் அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து சேலைகளை ஒரு பக்கமும் என் வேட்டி சட்டைகளை ஒரு பக்கமும் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். நாற்பது வருஷமாக ஒரே பெட்டியில் கிடந்த துணி. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் எடுத்த பிறகு பெட்டியின் அடியில் துருப் படாமல் இருக்க விரித்திருந்த காகிதங்கள் தெரிந்தன. பழைய காலண்டர், செய்தித்தாள், இன்னும் என்னென்னவோ. எழுத்தைக் கண்டால் இப்போது என் கை சும்மா இருக்காது. ஒன்றை எடுத்தேன். பழுப்பேறிய காகிதம், கீழே முத்திரை. மேலே என் பெயர் இருந்தது. என் பெயரை எனக்கு இப்போது எங்கே கண்டாலும் தெரியும். விரலை வைத்து மெதுவாகப் படித்தேன்.

சாமி, இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது. இந்தப் பக்கத்துக்கு எனக்கு இரண்டு நாள் ஆனது.

நாம் எருமப்பட்டிப் பண்ணையில் இருந்தபோது, நீ நாலாம் வகுப்பு படிக்கையில், கிராமத் தலையாரி பண்ணைக்கு வந்து என் கையில் ஒரு காகிதம் கொடுத்தார். "படிச்சுக்குங்க" என்றார். "செரிங்க" என்றேன். நீ பக்கத்தில் நின்று, "என்னதுப்பா அது?" என்று கேட்டாய். "தீவனக் கம்பெனி நோட்டீசு சாமி" என்றேன். அந்தக் காகிதம்தான் இது. வீடு இல்லாதவர்களுக்கு ஊர் ஓரத்தில் இலவச வீட்டுமனை கொடுத்தார்கள். எனக்கும் ஒரு மனை ஒதுக்கியிருந்தார்கள். முப்பது நாளுக்குள் நேரில் வந்து பட்டா வாங்கிக்கொள்ள வேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படும் என்று அதில் இருக்கிறது. நான் போகவில்லை. பெயரை நீக்கிவிட்டார்கள். நம்மோடு வேலை செய்தவர்களில் மூன்று பேர் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். 'எங்கயோ சொல்லி வாங்கிட்டானுங்க' என்று நான் அவர்களைப் பற்றிப் பொறாமையாகப் பேசியது உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்பாய். முடியாது என்று நினைத்தேன். படிக்கத் தெரியும் என்று பொய் சொல்லித்தான் பண்ணையில் மருந்து கலக்கும் வேலை வாங்கியிருந்தேன். வெள்ளைக் கழிச்சல் மருந்து எது, சளி மருந்து எது என்று மூடியின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். யாராவது ஏதாவது படிக்கச் சொன்னால், "கண்ணாடிய எங்க வச்சேன்" என்று சட்டைப்பையைத் தடவுவேன். கண்ணாடி வாங்கியதே இல்லை. அந்த வேலைக்குத்தான் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். பொய் வெளியே வந்தால் வேலை போகும், வேலை போனால் இருக்கிற கூரையும் போகும். பண்ணைக்காரர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள என் சொந்த வீட்டைப் பெட்டிக்கு அடியில் விரித்துவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் எது என்று கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றாய் அல்லவா, பையன்கள் உன்னைக் 'கோழிப்பண்ணை' என்று கூப்பிட்டார்கள் அல்லவா, அதற்குக் காரணம் விதி இல்லை, நான்.

உனக்கு என் பொய் எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியும். நீ பிளஸ் டூ முடித்த வருஷம், வருமானச் சான்றிதழுக்குப் போனோம். ஆபீசில் இருந்த ஆள் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினான். நான் கட்டை விரலை நீட்டினேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வெளியே வந்து ஒன்றும் கேட்கவில்லை, கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் நான் அப்போதே படித்திருப்பேனோ என்னவோ. உன் மேல் குறை சொல்லவில்லை. அப்பனின் மானத்தைக் காப்பாற்ற நீ வாயை மூடினாய். ஆனால் நம் வீட்டில் எல்லோரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றியே தெருவுக்கு வந்தோம். இனி அந்தப் பழக்கம் வேண்டாம். எவன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படித்துப் பார், புரியவில்லை என்றால் 'புரியல' என்று உரக்கச் சொல். அதில் போகிற மானம் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

காகிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கே நாஞ்சொன்னனா இல்லையா? வாத்தியாருகிட்டக் குடுங்கன்னு."

"சொன்னீன்னு நெனைக்கிறேன்."

"'எல்லாம் எனக்குத் தெரியும் போடி'ன்னீங்க."

"ஆமா."

"இப்பவும் பையங்கிட்ட 'சரி'ன்னீங்களே, என்னையக் கேட்டீங்களா?"

அவள் பிரித்து வைத்த துணிகளை எல்லாம் அள்ளி ஒன்றாகப் பெட்டிக்குள் போட்டாள். மடிக்கக்கூட இல்லை. மேலே ஏறி உட்கார்ந்து அழுத்தி மூடினாள். "ஊடு பாக்கப் போலாம், எந்திரிங்க" என்றாள்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஓனர் ஆனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். ஆடியில் குடி போகக் கூடாது என்று அவரேதான் சொன்னார். மற்ற ஏழு குடித்தனமும் ஆனியிலேயே போய்விட்டன. ஆடி ஒன்றாம் தேதி அவர் வந்து, "இன்னும் போகலீங்களா?" என்றார். "ஆடில குடி போகக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஆவணி வரட்டும்" என்றேன். அவர் சாமி பயம் உள்ளவர். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பக்கத்து வீடுகளில் கதவு சன்னல்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஆடிக் காற்று எட்டு வீட்டு வாசலிலும் புகுந்து புறப்பட்டுப் புழுதியை எல்லாம் எங்கள் சோற்றில் கொண்டுவந்து போட்டது. நாங்கள் அசையவில்லை.

மூன்றாம் நாள், ஊருக்கு வெளியே மாவு மில்லைத் தாண்டிய தெருவில், வெயிலில் வெளுத்துப்போன ஒரு போர்டைக் கண்டேன். 'வீடு வாடகைக்கு.' அவ்வளவுதான், கீழே வேறு வரி இல்லை. முன்பக்கம் வீட்டுக்காரி சாந்தி இருக்கிறாள், உனக்கு ஒரு நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். புருஷன் போர்வெல் போடுகிற வண்டியில் ராஜஸ்தான் போயிருக்கிறான். பின்பக்கத்தில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, தனிக் குழாய். பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டு, "அது அடைப்புல கெடந்த ஊடுங்க, வேண்டாங்க" என்று காதில் சொன்னார். உனக்கு அடைப்பு தெரியுமோ தெரியாதோ. ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் ஜோசியக்காரர் சொல்கிறபடி மூன்று மாதமோ ஆறு மாதமோ அந்த அறையை அடைத்துப் பூட்டிவிடுவார்கள். சாந்தியின் மாமனார் அங்கே இறந்திருக்கிறார். ஆறு மாத அடைப்பு முடிந்து வருஷம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் பக்கத்தில் விசாரித்துவிட்டு ஓடிவிடுகிறார்களாம்.

நாங்கள் போய்க் கேட்டோம். எத்தனை பேர், பிள்ளைகள் எங்கே, எல்லாம் கேட்டுவிட்டு, பாவம், பழக்க தோஷம், அவளும் சொன்னாள்: "இல்லைங்கய்யா, வயசானவங்களுக்குன்னா யோசனையா இருக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "ஏனம்மா, இந்த ஊட்டுக்கு இனிமே ஆகறதுக்கு என்னம்மா பாக்கி இருக்குது?"

அவளும் சிரித்துவிட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "உங்க மாமனாரு எப்படிம்மா போனாரு?" என்று கேட்டாள்.

"மத்தியானம் சாப்புட்டுட்டுப் படுத்தாருங்க. எந்திரிக்கல."

"சீக்குப் பாடு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணும் இல்லைங்க. அன்னைக்கு ரெண்டாந்தரம் கொழம்பு ஊத்தச் சொல்லி வாங்கிச் சாப்புட்டாரு."

உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இந்த ஊடே இருக்கட்டுங்க."

சாந்தி புருஷனுக்குப் போன் போட்டாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவன் கத்தியது எங்களுக்கே கேட்டது. "அப்பன் இருந்த எடத்துல ஒரு பெரியவரு இருந்துட்டுப் போகட்டும். வெளக்காவது எரியுமில்ல." போனை வைத்துவிட்டு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒடம்பு கிடம்பு முடியலைன்னா மொதல்லயே சொல்லிறணுங்கய்யா, திடுதிப்புன்னு ஆக்கிறக் கூடாது." "வாயில சொன்னா மறந்துருவீங்கம்மா, லெட்டராவே எழுதிக் குடுத்தர்றேன்" என்றேன். இன்னொரு தரம் சிரித்தாள்.

மறுநாளே குட்டியானை வண்டி ஒன்று பேசிச் சாமான்களை ஏற்றினோம். ஓனர் ஓடி வந்தார். "என்னங்க பெரியவரே, ஆடில குடி போகக் கூடாதுன்னு சட்டம் பேசினீங்க?"

"அது நீங்க போகச் சொன்னப்போங்க. இது நாங்களா போறது."

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் பெட்டிக்கு அவரே ஒரு கை கொடுத்தார். ஆடியில், அதுவும் செவ்வாய்க்கிழமை, அதுவும் அடைப்பு வீட்டுக்கு. தெருவே வேடிக்கை பார்த்தது. உன் அம்மா வண்டியின் முன்சீட்டில் பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். இறங்கியதும் அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். கொஞ்சம் தயங்கிவிட்டுக் குடித்தார். சாயங்காலம் அவர் மனைவி வந்து, அந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இது என் சொந்த வீடு இல்லை. அது எனக்குத் தெரியும். என் சொந்த வீடு எருமப்பட்டியில் யாரோ ஒருவருடைய வீடாக நிற்கிறது. அதற்காக உன்னிடமும் உன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு முறைதான் கேட்பேன், அதற்காகச் சாகும்வரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கமாட்டேன். இந்த அறையில் காலையில் எழுந்தால் உன் அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கிறது, நான் வாய்விட்டுப் படித்தால் 'சத்தமாப் படிங்க' என்று அவள் உள்ளேயிருந்து கேட்கிறாள். சாந்தி சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்றாள். முதல் நாளே இரண்டு அடித்தேன், ஒன்று காலண்டருக்கு, ஒன்று என் சட்டைக்கு. நீயும் அடி, சாமி. நான் எல்லா வீட்டிலும் நாளைக்குப் போகப் போகிறவன் மாதிரியே ஒடுங்கி இருந்தேன். எல்லா வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் என்னை அனுப்பினார்களோ என்று இப்போது தோன்றுகிறது. வாடகை கொடுக்கிறவரைக்கும் அது உன் வீடு. அகலமாகக் காலை நீட்டிப் படு.

மருமகளிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல். பிரசவத்துக்கு உன் அம்மா வருவாள், மூன்று மாதம் இருப்பாள், பேரனோ பேத்தியோ குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டுக் கொடுப்பாள். டிக்கெட் எடுக்கும்போது திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்து எடு. அவள் இருக்க இடம் இல்லாமல் உன்னிடம் வரவில்லை. இங்கே இருந்து வருகிறாள், இங்கே திரும்புவாள். அந்த மூன்று மாதமும் நானே சமைத்துக்கொள்வேன். ரசம் வைக்கத் தெரியும், மீதியை சாந்தி சொல்லித் தருவாள்.

இன்னும் ஒன்று. உன் வீட்டுக்காரருடைய மூன்று பேர் சட்டத்தை நான் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். நாலாவது ஆள் நான் என்று நீ நினைத்துவிட்டாய். நீ, மருமகள், பிறக்கப் போகிற பிள்ளை. மூன்று ஆகிவிட்டது. அப்புறம் உன் அம்மா எத்தனாவது ஆள்? அடுத்ததாக ஒரு பிள்ளை பிறந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? இதை நீ அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயம். எனக்குத் தெரியாதா அந்தப் பயம்? அதே பயத்தில்தான் நான் எல்லாக் காகிதத்துக்கும் தலையாட்டினேன்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வருகிற கடிதம் உனக்கு இல்லை, அவருக்கு. மேலுறையில் உன் பெயர்தான் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நீ எதிரே நின்று, முழுசாக, ஒரு வரியும் விழுங்காமல் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத எனக்கு ஒரு வாரம் பிடிக்கும், அதற்குள் நீ தைரியத்தைத் தேடி எடுத்து வை. முதல் வரியை இப்போதே மனதில் எழுதிப் பார்த்துவிட்டேன்.

மதிப்புக்குரிய ஐயா, உங்கள் வீட்டில் இனிமேல் நாலு பேர்.